கழட்டாமல் விட்ட லைன்

மாசி மாதம் வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு, திருகோணமலைத் திருக்கடலூரில் எங்கள் வீட்டுப் படலைக்கு முன்னால் ஓர் ஓட்டோ வந்து நின்றது. அதிலிருந்து மெல்ல இறங்கியவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. ஐ.சி.யு. கட்டிலில் நாட்கணக்காகப் பார்த்த ஆட்களை எழுந்து நின்ற கோலத்தில் பார்த்தால் எங்களுக்கு அப்படித்தான் இருக்கும். முகம் தெரியும், உயரம் தெரியாது. ஓட்டோக்காரத் தம்பி பின் சீட்டிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி விறாந்தையில் வைத்தார். 25 கிலோ புது அரிசி. "மகள், இந்தப் போகத்து அரிசி. முதல் மூட்டை கோயிலுக்கு, ரெண்டாவது உங்களுக்கு. உங்கட கையாலதானே நான் பிழைச்சு வந்தது" என்றார். அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்தா. குடித்து முடித்தவர், கொலருக்கு மேலே வலது பக்கக் கழுத்தில் இருந்த சின்னத் தழும்பைத் தொட்டுக் காட்டினார். "இதாலதானே உசிர் தந்தீங்க."

அந்த அரிசியை நாங்கள் இரண்டு மாதம் சாப்பிட்டோம். நல்ல அரிசி. ஒவ்வொரு நாளும் உலையில் போடும்போது எனக்கு அந்தத் தழும்புதான் நினைவுக்கு வரும். உயிரைத் தந்தது அந்த இடத்தில் போட்டிருந்த லைன்தான், மருந்து ஏற்றுகிற குழாய், பொய்யில்லை. ஆனால் அதே லைன் அவரை இன்னும் ஒரு மாதம் கட்டிலில் போட்டு வைத்தது என்பதும், அதைத் தடுக்க ஒரு வாய்ச்சொல் போதுமாக இருந்தது என்பதும், அந்தச் சொல்லைச் சொல்லவேண்டிய இடத்தில் டிக்கெட்டை, அதாவது நோயாளியின் குறிப்பேட்டை, கையில் பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன் என்பதும் அப்போது அவருக்குத் தெரியாது. நான் தாதியாக வேலைக்கு வந்து 16 வருடம். கிழக்கில் மூன்று ஆஸ்பத்திரிகளில் வேலை செய்திருக்கிறேன். இது எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. எங்கே நடந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நான் நம்புகிறேன், அதனால்தான் எழுதவும் உட்கார்ந்தேன்.

நாலாம் நாள் காலை

அவருக்கு எலிக்காய்ச்சல். கார்த்திகை மழைக்குள் வரம்பு கட்டப் போன இடத்தில் கால் வெடிப்பு வழியாகக் கிருமி ஏறியிருக்க வேண்டும். வயலுக்குள் இறங்குவதற்கு முதல் போடச் சொல்லி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தருகிற குளிசையை அவர் போடவில்லை. ஐந்தாறு நாள் காய்ச்சலோடு வீட்டில் கிடந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்து, கடைசியில் ஆம்புலன்ஸில் வந்தபோது பிரஷர் 70-க்கு 40. சேலைன் ஏற்றியும் எழும்பவில்லை. பிரஷரைத் தூக்குகிற நோர்அட்ரினலின் மருந்தைத் தொடங்க வேண்டும், அதற்குக் கழுத்தில் லைன் போட வேண்டும் என்று முடிவானது. கையில் உள்ள சின்ன நாளங்களில் அந்த மருந்தை நாட்கணக்கில் விடமுடியாது. கசிந்தால் தோலும் சதையும் கருகிப்போகும். அதனால் கழுத்து நாளத்தின் வழியாக இதயத்துக்குக் கிட்ட உள்ள பெரிய நாளம் வரை போகிற குழாய் ஒன்று தேவை. நாங்கள் அதை சி.வி. லைன் என்போம், அவசரத்தில் வெறும் லைன்.

அன்று இரவு எல்லாவற்றையும் சரியாகச் செய்தோம். டொக்டர் கை கழுவினார், தொப்பி, மாஸ்க், கவுன், கிருமி நீக்கிய கையுறை எல்லாம் போட்டார். குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட்டைக் கழுத்தில் தேய்த்துவிட்டு அது காயும்வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிரஷர் விழுந்துகொண்டிருக்கிற நோயாளிக்கு முன்னால் அரை நிமிடம் சும்மா நிற்பது எவ்வளவு கடினம் என்று ஐ.சி.யு.வில் நின்றவர்களுக்குத் தெரியும். தலையிலிருந்து கால்வரை பச்சைத் துணி விரித்தோம். அல்ட்ராசவுண்டில் நாளத்தைப் பார்த்து முதல் குத்திலேயே லைன் உள்ளே போனது. போட்டவர் பெயர், நேரம், எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர் என்று எல்லாம் டிக்கெட்டில் ஏறியது. விடியும்போது பிரஷர் 100-ஐத் தாண்டியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்து, ஆறிப்போன தேத்தண்ணீரைச் சந்தோசமாகக் குடித்தோம்.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு நோர்அட்ரினலின் பம்பை நிறுத்தியது நான்தான். நாலாம் நாள் காலை அவர் சாய்ந்திருந்து கஞ்சி குடித்தார். பிரஷர் 118-க்கு 70. சிறுநீர் நன்றாகப் போகத் தொடங்கியிருந்தது. இனி அந்த லைன் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று எந்த மருந்தும் இல்லை. அன்டிபயோட்டிக்கைக் கையில் கனூலா என்ற சின்ன ஊசிக்குழாய் போட்டே கொடுத்திருக்கலாம். ரவுண்டுக்கு ஆட்கள் வந்தார்கள். இரண்டாம் கட்டிலில் மோட்டார் சைக்கிள் விபத்தில் வந்த ஒரு பையன் வென்டிலேட்டரில் இருந்தான். அவனை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அவசரத்தில் எல்லார் மனமும் அங்கேதான் இருந்தது. இவருடைய கட்டிலுக்கு வந்ததும் பெரிய டொக்டர் "யூரின் எவ்வளவு?" என்று கேட்டார், சொன்னேன். "கிரியேட்டினின்?" சொன்னேன். "குட், தொடருங்க" என்று அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

அந்தத் திரும்பலில் இரண்டு வினாடி இருந்தது. "டொக்டர், லைன் இனி தேவையா?" என்ற கேள்வி என் வாய்க்குள் வந்து நின்றது. கேட்கவில்லை. ஏன் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். பயம் என்று சொன்னால் முழு உண்மையாகாது, அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. எனக்கு அந்த லைன் வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. அவருடைய கையில் ஊசி ஏற்றுவது கஷ்டம், வயல் வேலை செய்து தடித்த தோல், உடம்பெல்லாம் ஊதியும் இருந்தது. பின்னேரம் இரத்தம் எடுக்க வேண்டும், இரவுக்கு ஆள் குறைவு. லைன் இருந்தால் அதன் வாயில் உள்ள திருகை, த்ரீ வேயை, திருப்பி ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். இன்னொரு பக்கம், பிரஷர் திரும்பவும் விழுந்தால் என்ன செய்வது, இருக்கட்டுமே என்ற எண்ணமும் இருந்தது. அவருக்கும் அது பிடித்திருந்தது. முதல் நாள்தான், "நல்லவேளை மகள், இது இருக்கிறதால கையில குத்துறீங்க இல்ல" என்று சொல்லியிருந்தார். ஆக எல்லாருக்கும் வசதியான ஒன்றைக் கழட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் எனக்கு லீவு. ஆறாம் நாளும் லைன் கழுத்திலேயே இருந்தது. ஏழாம் நாள் காலை பத்து மணிபோல் அன்டிபயோட்டிக்கை லைனில் கொடுத்து, சேலைன் தள்ளி மூடினேன். அரை மணி நேரம் இருக்கும், கட்டிலின் பக்கக் கம்பி கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் முழு உடம்பும் நடுங்குகிறது, பல் கிட்டுகிறது. "குளிருது மகள்… குளிருது." போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. காய்ச்சல் 39.6. கையிலிருந்து ஒரு போத்தல், லைனிலிருந்து ஒரு போத்தல் என்று இரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினோம். லைனில் எடுத்த போத்தலில் கிருமி வளர்ந்தது முதலில் தெரிந்தது, கையில் எடுத்ததில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பிந்தி. லைன்தான் ஊற்று என்று சொல்ல அந்த இடைவெளி போதும். ஸ்டெஃபைலோகொக்கஸ் ஓரியஸ், எங்கள் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருக்கிற கிருமி. நாலாம் நாள் ஒரு துண்டு கோஸ் துணியை வைத்து அழுத்திக் கழட்டியிருக்கக்கூடிய லைனை ஏழாம் நாள் காய்ச்சலோடு கழட்டினோம். அந்தக் கிருமி இதய வால்வில் போய் ஒட்டக்கூடியது என்பதால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்கள். அப்புறம் நாலு கிழமை, ஆறு மணிக்கொரு தடவை ஊசி. அவருடைய மனைவி ஒவ்வொரு நாளும் முதல் பஸ்ஸில் வந்து, பின்னேரம் வயலுக்குத் தண்ணீர் திறக்க ஆள் பிடிக்கவேண்டுமே என்ற யோசனையோடு திரும்பிப் போவா.

கயிற்றில் பிடிக்கும் பாசி

அப்பா கடலுக்குப் போனவர். சின்ன வயதில் கரையில் நின்று நங்கூரக் கயிற்றை இழுத்துக் கொடுப்பேன். புதுக் கயிறு முதல் நாள் சொரசொரவென்று இருக்கும். இரண்டு மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் கை வழுக்கும். அது வெறும் ஈரம் இல்லை, பாசி பிடிக்கத் தொடங்கிவிட்டது. பிறகு பச்சை தெரியும், அதற்குப் பிறகு சிப்பி ஒட்டும். மேலால் தண்ணீர் ஊற்றினால் போகாது, கயிற்றை எடுத்துக் கரையில் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைக்க வேண்டும் என்பார் அப்பா. இரத்தத்துக்குள் கிடக்கும் குழாயிலும் இதுதான் நடக்கிறது. உடம்பு அந்தக் குழாயின் மேல் மெல்லிய புரதப் படலம் ஒன்றைப் பூசுகிறது. அங்கே வந்து சேருகிற கிருமிகள் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசை மாதிரி ஒரு கூடு கட்டுகின்றன. இரத்தத்தில் மிதக்கிற கிருமியைக் கொல்லும் மருந்து அந்தக் கூட்டுக்குள் இருப்பதை இலேசில் தொடாது. அதனால்தான் இப்படிப்பட்ட தொற்றில் எவ்வளவு நல்ல அன்டிபயோட்டிக் கொடுத்தாலும் பெரும்பாலும் லைனையே எடுக்க வேண்டிவருகிறது.

கிருமி வருகிற பாதை முக்கியமாக இரண்டு. ஒன்று, லைன் தோலைத் துளைக்கும் இடத்தில் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குவது. முதல் நாட்களில் இதுதான் கூட. போடும்போது இருக்கிற அத்தனை கட்டுப்பாடும் இதற்காகத்தான். கட்டு நனைந்தாலோ, ஓரம் கிளம்பினாலோ ஏழு நாள் ஆகட்டும் என்று பார்த்திருக்காமல் உடனே மாற்றச் சொல்வதும் இதற்காகத்தான். மற்றப் பாதை, நாங்கள் மருந்து கொடுக்கிற வாய். த்ரீ வேயையும் மூடியையும் எங்கள் கை ஒரு நாளில் எத்தனை தடவை தொடுகிறது என்று எண்ணினால் பயம் வரும். லைன் நாட்கணக்கில் இருக்க இருக்க இந்தப் பாதை பெரிதாகிறது. எங்கள் பழைய சிஸ்டர் ஒருவர், சிங்களவர், ஸ்பிரிட் துணியால் அந்த வாயைத் தேய்க்கும்போது பதினைந்து வரை வாய்விட்டு எண்ணச் சொல்லுவார். பக்கத்தில் நின்று தானும் எண்ணுவார்: எக்க, தெக்க, துன, ஹதர… தோடம்பழத்தைப் பிழிகிற மாதிரித் திருகித் தேய்க்க வேண்டும், பிறகு காயவிட வேண்டும். அவர் ஓய்வுபெற்றுப் போய்ப் பல வருடம். எனக்கு இன்றைக்கும் அந்த இடத்தில் மட்டும் எண்ணிக்கை சிங்களத்தில்தான் வரும்.

ஏழாம் நாள் காலை நான் எண்ணினேனா? எண்ணினேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த மூன்று நாளில் எத்தனை பேர், எத்தனை இரவு, எத்தனை அவசரம்! எல்லாரும் எல்லாத் தடவையும் பதினைந்து எண்ணினார்கள் என்று யார் சத்தியம் பண்ணுவது? எண்ணத் தேவையே இல்லாத ஒரு நிலையை நாலாம் நாளே கொண்டுவந்திருக்கலாம். கழுத்தில் இல்லாத லைனில் கிருமி ஏறாது.

போடுவதற்கு ஆள் உண்டு

இந்தத் துறையில் எல்லாரும் சொல்லுகிற ஓர் உதாரணம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். பீட்டர் ப்ரொனொவோஸ்ட் என்ற வைத்தியரும் அவருடைய குழுவும் அங்குள்ள 103 ஐ.சி.யு.க்களில் ஐந்தே ஐந்து வேலைகளை விடாமல் செய்யவைத்தார்கள். கை கழுவுவது, முழு உடம்பையும் மூடித் துணி விரிப்பது, குளோர்ஹெக்சிடினால் தோலைச் சுத்தம் செய்வது, தொடையிடுக்கில் லைன் போடுவதை முடிந்தவரை தவிர்ப்பது, தேவையில்லாத லைனைக் கழட்டுவது. அதற்கு முன் 1000 லைன்-நாளுக்குச் சராசரி 7.7 தொற்று இருந்தது. அதாவது 100 பேருக்குப் பத்துப் பத்து நாள் லைன் இருந்தால் அவர்களில் ஏழெட்டுப் பேருக்கு. ஒன்றரை வருடத்தில் அது 1.4 ஆனது. 2006 டிசம்பரில் இது வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. படி ஒன்று தவறினால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தைத் தாதிமாருக்குக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வகுப்புகளில் அந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் கை கழுவுவதைப் பற்றித்தான் பேசுவோம். ஐந்தாவது படிக்கு வரும்போது மணி அடித்துவிடும்.

எனக்கு அந்த ஐந்தாவதுதான் இப்போது பெரிதாகத் தெரிகிறது. முதல் நாலும் லைன் போடுகிற அந்த அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். போடுவதற்கு ஓர் ஆள் உண்டு, ஒரு தட்டு உண்டு, ஒரு நேரம் உண்டு, கையெழுத்து உண்டு. அது ஒரு நிகழ்ச்சி, எல்லார் கண்ணும் அங்கே இருக்கும். கழட்டுவதற்கு இவை ஒன்றும் இல்லை. எந்த மணிக்கு, யார், எந்தக் காரணத்துக்காக என்று எங்கேயும் எழுதியிருக்காது. போட்ட டொக்டர் டியூட்டி முடிந்து போய்விடுவார். அடுத்தவருக்கு அந்த லைன் கட்டில், மொனிட்டர் மாதிரி அறையில் ஏற்கெனவே இருக்கிற ஒரு பொருள். ஆடையால் மூடியிருந்தால் சிலவேளை அது இருப்பதே தெரியாது. அதனால் தேவை முடிந்த நாளுக்கும் கழட்டுகிற நாளுக்கும் இடையில் யாருக்கும் சொந்தமில்லாத சில நாட்கள் உண்டாகின்றன. அவருக்கு அது மூன்று நாள்.

சிலர் கேட்பார்கள், அப்படியென்றால் ஐந்து நாளைக்கு ஒரு தடவை லைனை மாற்றிவிட்டால் போச்சே என்று. அது பயன் தராது என்பது நெடுநாளாகத் தெரிந்த விசயம். தேவையுள்ள லைன் நன்றாக இருந்தால் அப்படியே இருக்கட்டும். கணக்குப் பார்த்து மாற்றினால் புதிதாகக் குத்துகிற ஆபத்துத்தான் மிச்சம். வராத தொற்றுக்கு முன்கூட்டியே அன்டிபயோட்டிக் கொடுப்பதும் உதவாது, மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்க்கும். டயலிசிஸ் செய்கிறவர்களின் கதை வேறு. அவர்களுக்குக் கழுத்து லைன்தான் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை உயிரைக் கொண்டுவருவது, நாளைக்கே கழட்டு என்று சொல்ல முடியாது. அங்கே கேட்கவேண்டிய கேள்வி கையில் ஃபிஸ்டியுலா, அதாவது நாடியையும் நாளத்தையும் இணைக்கிற சத்திரசிகிச்சை, எப்போது செய்வது என்பது. அது பாவிக்கத் தயாராகக் கிழமைகள் எடுக்கும், ஆனால் லைனைவிடத் தொற்று மிகவும் குறைவு. இதை வெட்டுக்கும் பொங்கலுக்கும் பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடுகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

"சொல்லியிருந்தா?"

அடுத்த வருட மாசியிலும் அவர் அரிசியோடு வந்தார். இந்தமுறை மூட்டையை வாங்க எனக்குக் கை வரவில்லை. விறாந்தையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். நாலாம் நாளே அந்த லைன் தேவைப்படவில்லை என்பதையும், நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதையும், பிந்தி வந்த காய்ச்சல் எலிக்காய்ச்சல் இல்லை என்பதையும். அவர் கொஞ்ச நேரம் படலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் இரண்டு மான் நின்று யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தன. பிறகு கேட்டார், "நீங்க சொல்லியிருந்தா கழட்டியிருப்பாங்களா?"

"ஓம் ஐயா. கழட்டியிருப்பாங்க."

"உடனே?"

"அந்த ரவுண்ட் முடியுறதுக்குள்ள."

அவர் தலையாட்டினார். கோபப்படவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லாததற்கு நான் அவருக்கு நன்றியுள்ளவள். மூட்டையைத் திரும்பக் கொண்டுபோகவும் இல்லை. போகும்போது, "எனக்கும் கேக்கத் தெரியேல்லயே மகள், கையில குத்தாட்டிச் சரி எண்டு நான் இருந்திட்டன்" என்று மட்டும் சொன்னார். அது எனக்கு இன்னும் வலித்தது. நோயாளி கேட்கவேண்டிய கேள்வி அல்ல அது. ஆனாலும் இதை வாசிக்கிற யாருக்காவது சொந்தக்காரர் ஒருவர் லைனோடு படுத்திருந்தால், தாதியிடமோ டொக்டரிடமோ, "இந்த லைன் இண்டைக்கும் வேணுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எங்களில் நல்லவர்கள் கோபப்பட மாட்டோம்.

இப்போது நான் வேலை செய்கிற இடத்தில் ஒவ்வொரு லைனுக்கும் எத்தனையாம் நாள் என்று கட்டிலுக்கு மேலே பலகையில் எழுதுகிறோம். ரவுண்டில் கட்டிலை விட்டுத் திரும்புவதற்கு முதல் அந்த எண்ணை வாசித்து, "வேணுமா?" என்று கேட்பது தாதியின் வேலை. தொடக்கத்தில் சில இளம் டொக்டர்மாருக்கு இது உறுத்தியது. ஒருவர், "சிஸ்டர், நான் சொல்லுவேன்தானே" என்றார். சரி, நீங்கள் சொல்லுங்கள், ஆனால் நான் கேட்பேன் என்றேன். வேண்டும் என்றால் எதற்கு என்று ஒரு வரி எழுதச் சொல்லுவேன். நாலு தடவைக்கு ஒரு தடவையாவது பேனையைக் கையில் எடுத்த பிறகு யோசித்து, "சரி, கழட்டிடுங்க" என்பார்கள்.

போன கிழமை மூன்றாம் கட்டிலில் ஓர் அம்மா, மூதூர்க்காரி, ஐந்தாம் நாள். வேண்டாம் என்று முடிவானது. மகள் பக்கத்தில் நின்று, "இருக்கட்டும் மிஸ், அம்மாக்குக் கையில நரம்பு கிடைக்காது" என்று கெஞ்சினா. கனூலா நானே போட்டுத் தருகிறேன் என்றேன், இரண்டாவது குத்தில் ஏறியது. அப்புறம் கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கினேன். கை கழுவி, கட்டைப் பிரித்து, தையலை வெட்டினேன். "அம்மா, மூச்சை இழுத்து அப்படியே பிடிங்கோ." பிடித்தா. லைன் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மூச்சை விடச் சொல்லி, கோஸை வைத்து அழுத்திக்கொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றேன். காற்று உள்ளே போகாதபடி கட்டுப் போட்டு, அரை மணி நேரம் எழும்பக்கூடாது என்று சொன்னேன். லைனின் நுனி உடையாமல் முழுதாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முழுதாக இருந்தது. டிக்கெட்டில் எழுதினேன்: வலது கழுத்து லைன், 5-ஆம் நாள், கழட்டிய நேரம் 10.40. கீழே என் பெயர்.